இலையைத் திருப்பிப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சி கேள்வி–பதில்

மாரி ஓய்ந்து, வேலியிலும் வளவிலும் புதுத் தளிர் விட்டிருக்கும் காலம் இது. தளிர் வந்தால் முட்டை வரும், முட்டை வந்தால் புழு வரும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பலவும் புழுக்களைப் பற்றியவை. எல்லாக் கடிதத்துக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: புழு இருந்த செடியின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். செடி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சாடியில் வைத்த தேசிக்கன்றில் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிழமை கழித்து அதே கொப்பில் பச்சைப் புழு. இரண்டும் ஒன்றுதானா? குச்சியால் தொட்டதும் கழுத்திலிருந்து சிவந்த நாக்கு போல ஒன்றை நீட்டியது. விஷமா? மருந்தடிக்கலாமா? — வாசகி, கல்லடி

இரண்டும் ஒரே புழுதான். தாய்ப்பூச்சி தேசியின் இளந்தளிரில் கடுகளவு, வெளிர் மஞ்சள் உருண்டை முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். அது நான்கு முறை தோலுரித்து வளர்கிறது. முதல் நான்கு பருவத்திலும் கபில நிறம், நடு முதுகில் வெள்ளைப் பட்டை, மேலே ஈரப் பளபளப்பு. அச்சு அசல் குருவி எச்சம்தான், பறவை அதைத் திரும்பியும் பாராது. நான்காம் முறை தோலுரித்ததும் பச்சை நிறமாகி, நாலு சென்றிமீற்றர் வரை வளரும். பக்கவாட்டில் சரிந்த கபிலப் பட்டைகளும், தடித்த முன்பகுதியில் கண்போன்ற இரு புள்ளிகளும் தெரியும். அவை உண்மையான கண்கள் அல்ல. தலை அதற்கும் முன்னால், கீழே மடங்கி இருக்கும்.

நீங்கள் நாக்கு என்று நினைத்தது கவைபோலப் பிரிந்த ஒரு சதைக்கொம்பு. தலைக்குப் பின்னாலுள்ள பிளவிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. புளித்த, காரமான ஒரு வாசம் வரும். எறும்பையும் சிறு குளவியையும் விரட்டத்தான் அது. உங்கள் கையை ஒன்றும் செய்யாது. இந்தக் கொம்பைக் கண்டால், பப்பிலியோனிடே என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்துப் புழு என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

நம் வளவுத் தேசி, தோடை, கறிவேப்பிலையில் இந்தத் தோற்றத்தில் வருபவை பெரும்பாலும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள்: லைம் பட்டர்பிளை, கொமன் மோர்மன். புழுவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது பழகிய கண்ணுக்கும் சிரமம். ஆகவே அந்த இடத்தில் அவசரப்பட்டுப் பெயர் சூட்ட வேண்டாம். பூச்சி வெளிவந்ததும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கறுப்பில் மஞ்சள் புள்ளிகள் நிறைந்து, பின்சிறகில் வால் இல்லாமல் இருந்தால் லைம். பின்சிறகில் வால் நீண்டிருந்தால் மோர்மன்.

மருந்து வேண்டாம். அடித்தால் அந்த இலை உங்கள் சமையலுக்கும் உதவாது. பெரிய மரத்துக்கு இந்தப் புழுக்களால் ஒரு கேடும் இல்லை. ஆனால் இரண்டடிக் கன்றை நாலைந்து புழு சேர்ந்தால் மொட்டையாக்கிவிடும் என்பது உண்மை. வாழ்நாளில் தின்னும் இலையின் பெரும் பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கின்றன. ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை வளர்ந்த தோடை மரத்துக்கோ, கோயில் வளவிலுள்ள வில்வத்துக்கோ மாற்றுங்கள். மாற்றும்போது புழுவைப் பிடித்து இழுக்கக்கூடாது. தோலுரிக்கும் தறுவாயில் அது இலையில் பட்டுநூல் மெத்தை ஒன்று பின்னி அதில் கால்களைக் கொளுவிக்கொண்டு அசையாமல் இருக்கும். இழுத்தால் கால் கிழியும், தோல் கழற்ற முடியாமல் செத்துப்போகும். அது இருக்கும் இலையையே காம்போடு வெட்டி, புது மரத்தின் தளிரில் நூலால் கட்டிவிடுங்கள். இலை வாடியதும் தானாக ஏறிப் போகும்.

மயிர்க்கொட்டி எல்லாம் வண்ணத்துப்பூச்சியாக மாறுமா? பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? — வாசகர், அக்கரைப்பற்று

உடல் முழுக்க மெல்லிய, அடர்ந்த மயிர் மூடிய மயிர்க்கொட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளின் புழுக்கள். முருங்கை மரத்தண்டில் பகலில் கூட்டமாக ஒட்டிக் கிடப்பவையும் அந்துதான். வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சிலவற்றுக்கு முள் உண்டு. ஆனால் அது மயிர் அல்ல. தடித்து, கிளைவிட்ட முள்ளாக, வரிசை வரிசையாக நிற்கும். வேலியில் படரும் காட்டுக் கொடித்தோடையில் செந்நிறமாக, கிளைமுள்ளோடு இருப்பது டோனி கொஸ்டர் என்ற செம்மஞ்சள் பூச்சியின் புழு. பார்க்கப் பயங்கரம், கடிக்கவோ சுணைக்கவோ மாட்டாது.

பிரித்தறிய இன்னும் சில அடையாளங்கள் உண்டு. முன்னால் மூன்று சோடி உண்மைக் கால்கள். அதன்பின் நடுவில் நான்கு சோடியும் வால்முனையில் ஒரு சோடியுமாகச் சதைக்கால்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு இந்த ஐந்து சோடியும் இருக்கும். நடுவில் கால் இல்லாமல், முதுகை வளைத்து வளைத்துச் சாண் அளப்பதுபோல நடந்தால் அது அந்து. ஐந்து சோடிக்கு மேல் சதைக்கால் எண்ணினீர்களானால் அது இரண்டுமே அல்ல, குளவி இனத்தைச் சேர்ந்த இலைப்புழு. வால்முனையில் ஒற்றைக் கொம்பு நிமிர்ந்து நின்றால் பருந்து அந்து. அலரியிலும் நித்தியகல்யாணியிலும் விரல் தடிப்பில், முன்பக்கம் நீலக்கண் புள்ளியோடு இருக்கும் பச்சைப்புழு அந்த வகை. மாறாக, தலையில் இரண்டு கொம்பு இருந்து, வால் முனையும் இரண்டாகப் பிரிந்திருந்தால் அது வண்ணத்துப்பூச்சி. பெரும்போக வயலில் நெல் இலையோடு இலையாகக் கிடக்கும் ஈவினிங் பிரவுண் புழுவைத் தலைக்கொம்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு இலையின் அதே பச்சை.

பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: மயிர் இருந்தால் தொடாதே. தென்னையிலும் வேறு மரங்களிலும் இருக்கும் நத்தைபோல் தட்டையான, முட்கொத்து உள்ள பச்சைப்புழுவையும் தொடக்கூடாது, அது தீயால் சுட்டதுபோல எரிக்கும். மயிர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மயிர் முறிந்து தோலுக்குள் போகும். செலோரேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத்துண்டு. பிறகு சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கண்ணில் பட்டாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு வாலுள்ள பூச்சி ஒன்று எங்கள் பக்கம் நிறையப் பறக்கிறது. படத்தோடு ஒப்பிட்டால் மூன்று பெயர் பொருந்துகிறது. எதை நம்புவது? — வாசகர், கொக்கட்டிச்சோலை

சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். உடல் சிவப்பாக இருந்தால் ரோஸ் வகை, கறுப்பாக இருந்தால் கொமன் மோர்மனின் பெண். ரோஸ் வகைகள் நச்சுக்கொடி தின்று வளர்வதால் பறவைகள் அவற்றை விட்டுவிடும். அந்தப் பாதுகாப்புக்காகவே மோர்மன் பெண்களில் சில கிரிம்சன் ரோஸின் வேடத்திலும், சில கொமன் ரோஸின் வேடத்திலும் வருகின்றன. இன்னொரு வகைப் பெண் வேடமே போடாமல் ஆணைப்போல இருக்கும். சிறகைப் போல உடலின் சிவப்பைப் போட அவற்றால் முடியவில்லை. அங்கேதான் பிடிபடுகின்றன.

சிவப்பு உடல் என்று உறுதியானால் முன்சிறகைப் பாருங்கள். வெள்ளைப் பட்டைகள் இரண்டு இருந்து, பின்சிறகில் செக்கச்சிவந்த புள்ளிகள் இருந்தால் கிரிம்சன் ரோஸ். முன்சிறகில் பட்டை இல்லாமல், பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் கொமன் ரோஸ்.

பறக்கும் பூச்சியின் உடல் நிறம் தெரியவில்லையா? எந்தச் செடியைச் சுற்றுகிறது என்று பொறுத்திருந்து பாருங்கள். தளிரைத் தொட்டுத் தொட்டு, வயிற்றை வளைத்தால் அது முட்டை வைக்கிறது. தேசி, கறிவேப்பிலையில் வைத்தால் மோர்மன். ஈச்சுரமூலிக் கொடியிலோ ஆடுதீண்டாப்பாளையிலோ வைத்தால் ரோஸ். ஈச்சுரமூலியை அடையாளம் காண எளிய வழி அதன் காய். காய்ந்து வெடித்ததும் சிறிய உறிபோலத் தலைகீழாகத் தொங்கும். அந்தக் கொடியில் கருஞ்செந்நிறப் புழு, உடலெங்கும் சதைக்காம்புகளோடு இருக்கும். நடு உடலைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருந்தால் கொமன் ரோஸ், வளையம் இல்லாவிட்டால் கிரிம்சன் ரோஸ்.

வேலி துப்புரவாக்கும்போது இந்தக் கொடியைக் களை என்று அறுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு கொடியையாவது விட்டு வையுங்கள். அது போனால் அந்த வேலிக்கு ரோஸ் வராது, இந்த இனத்துச் செடிகளை விட்டால் அவை தின்ன வேறு இல்லை. மருந்தென்று யாரும் அதை அரைத்துக் குடிக்கவும் வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அதில் உண்டு.

எருக்கலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருக்கிறது. கூட்டுப்புழுவைத் தேடினால் கிடைப்பதில்லை. — மாணவி, காரைதீவு

முதலில் உடலில் கறுப்பு மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும் சதைநூல்களை எண்ணுங்கள். எருக்கலையில் மூன்று சோடி இருந்தால் பிளேன் டைகர். அலரியில் நான்கு சோடி இருந்தால் கொமன் க்ரோ. பெருங்குறிஞ்சாக் கொடியில் இரண்டே சோடி என்றால் புளூ டைகர். இவ்வளவு தெளிவாக எண்ணிப் பெயர் சொல்லக்கூடிய புழுக்கள் அதிகமில்லை, பழகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

முழு வளர்ச்சியடைந்ததும் புழு வயிற்றிலுள்ளதை ஈரமாகக் கழித்துவிட்டு, இடம் தேடி நடக்கத் தொடங்கும். தின்ற செடியிலேயே தங்க வேண்டும் என்று இல்லை. எருக்கலையைச் சுற்றி இரண்டு மூன்று மீற்றருக்குள் உள்ள வேலிக்கம்பி, மதில் விளிம்பு, பக்கத்துச் செடியின் இலை அடி எல்லாம் பாருங்கள். கூட்டுப்புழு வால்முனையை மட்டும் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், பச்சையாகவோ வெளிர் ரோசாவாகவோ இருக்கும். அலரியடியில் வெள்ளி முலாம் பூசியதுபோல மின்னும் தொங்கட்டான் கிடைத்தால் அது க்ரோ. தேசிப்புழுவின் கூடு இப்படித் தொங்காது. இடுப்பில் ஒரு பட்டுநூலைக் கட்டி, தென்னை ஏறுபவர் சாய்ந்து நிற்பதுபோலச் சாய்ந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பிளேன் டைகர்போலவே பறக்கும் ஒன்றைப் பருப்புக்கீரைப் பாத்தியில் கண்டால் பின்சிறகைப் பாருங்கள். நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் பிளேன் டைகர்தான். மேல் விளிம்பில் ஒரே ஒரு கறும்புள்ளி என்றால் டானைட் எக்பிளை என்பதன் பெண். அதன் ஆண் முற்றிலும் வேறு: கறுப்பில் ஊதா ஓரமிட்ட வெள்ளை வட்டங்கள்.

எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைத் திருப்பிய கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதே, பிள்ளை.

போத்தலில் வைத்து வளர்த்த புழு சாகும்போது அதைச் சுற்றி அரிசிபோல வெள்ளைப் பஞ்சு உருண்டைகள். முட்டையிட்டுவிட்டுச் செத்ததா? — வாசகி, களுவாஞ்சிக்குடி

புழு முட்டை இடாது. அந்த வெள்ளை உருண்டைகள் ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். நீங்கள் புழுவை எடுப்பதற்கு முன்பே குளவி அதன் உடலுக்குள் முட்டை வைத்துவிட்டது. உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பெரிய புழுவாக எடுக்காமல் முட்டையாகவோ, வெளிவந்த அன்றோ எடுத்தால் இந்த இழப்புக் குறையும்.

சாவைப் பார்த்தே காரணம் சொல்லலாம். தோலில் குண்டூசித்தலை போல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது ஒட்டுண்ணி ஈயின் முட்டை. புழு கூடுகட்டும்வரை நன்றாகவே இருக்கும், பிறகு கூட்டில் கபிலக் கறை விழும், கடைசியில் ஈயின் புழு துளைத்துக்கொண்டு நூலில் இறங்கும். புழு கறுத்து, தளர்ந்து, நாறும் நீர் வடிந்தால் தொற்றுநோய். அதே பாத்திரத்தில் மற்றவற்றை வைக்கக்கூடாது, குளோரின் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி பாவிக்கலாம். பச்சை நீர் கக்கித் துடித்தால் இலையில் பூச்சிமருந்து. சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

போத்தலுக்கு மூடி போட்டு ஊசித்துளை இடுவதும் தவறு. உள்ளே வியர்க்கும், எச்சத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வாயகன்ற, குறைந்தது 20 சென்றிமீற்றர் உயரமான பாத்திரம் எடுத்து, வாயில் நுளம்புவலைத் துண்டைக் கட்டி றப்பர் பட்டி போடுங்கள். அடியில் ரிசு பேப்பர் விரித்துத் தினமும் மாற்றுங்கள். கொப்பைச் சின்னக் குப்பியில் நீர்விட்டு நிறுத்தலாம், ஆனால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு இறங்கி நீரில் மூழ்கிவிடும். எடுத்த செடியின் அதே இலையைத்தான் கொடுக்க வேண்டும். எருக்கலைப் புழு தேசி இலைக்கு நடுவே பட்டினி கிடந்து சாகுமேயொழிய அதைத் தொடாது.

ஈர்க்கில் ஒன்றைச் சரித்து வையுங்கள், கூடுகட்ட உதவும். கூட்டை அசைக்காதீர்கள். வெளிவருவதற்கு முதல்நாள் கூடு கறுத்து, தோலுக்குள்ளே சிறகின் நிறம் தெரியும். அழுகிவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம், இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெளிவந்த பூச்சி உயரத்தில் தொங்கினால்தான் ஈரச்சிறகு விரியும். கீழே விழுந்தால் பிடித்துத் தூக்காமல் ஒரு குச்சியை முன்னால் நீட்டுங்கள், ஏறிக்கொள்ளும். அப்போது சிந்தும் சிவந்த நீர் இரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. சிறகு உறுதியாக இரண்டு மணிநேரமாவது விட்டு, காலை வெயிலில் அதே செடியருகே பறக்கவிடுங்கள்.

மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறப்பது சிவனொளிபாதமலைக்குத்தானா? — வாசகர், அம்பாறை

சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்த மலைக்கும் சமனல என்ற ஒரே சொல் வழங்குவதால் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கார்த்திகை, மார்கழியிலும், மாசிக்கும் சித்திரைக்கும் இடையிலும் கூட்டப் பறப்பு நடக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் அல்ல. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் லெமன் எமிக்ரன்ட், கொன்றை இலை தின்று வளர்பவை. ஊகிப்பதைவிட எண்ணுவது நல்லது. இரண்டு தென்னைக்கு நடுவே பார்வையை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தத் திசைக்கு, காற்று எப்பக்கம் என்று எழுதுங்கள். மணிக்கொரு தடவை காலை 9 முதல் 12 வரை செய்தால் போதும்.

சின்ன மஞ்சள் பூச்சிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. — மாணவர், திருக்கோவில்

சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் படம் எடுங்கள். முன்சிறகின் அடிப்புறத்தில், உடலை ஒட்டிய நீள்கட்டத்துக்குள் இரண்டு சிறு கபிலக்குறி இருந்தால் கொமன் கிராஸ் யெலோ. மூன்று இருந்தால் த்ரீ-ஸ்பொட். புழுவில் இன்னும் எளிது: முன்னது தனியாக, பச்சைத் தலையோடு இருக்கும். பின்னது கூட்டமாக, கறுப்புத் தலையோடு இருக்கும்.

முற்றத்துச் சைக்கஸின் இளங்குருத்தை எறும்பு தின்கிறது. — வாசகி, ஏறாவூர்

எறும்பு தின்பதில்லை, காவல் நிற்கிறது. எறும்பு மொய்க்கும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மரவட்டைத் துண்டுபோலத் தட்டையான, தலை தெரியாத சிறு புழுக்கள் இருக்கும். பிளேன்ஸ் கியூபிட் என்ற நீலப்பூச்சியின் புழுக்கள் அவை. முதுகின் பின்பகுதியிலுள்ள சுரப்பியிலிருந்து இனிப்புநீர் விடும், அதைக் குடிக்கும் எறும்பு குளவியைக் கிட்ட விடாது. குருத்து முற்றி ஓலை கடினமானால் புழு அதைத் தொடாது. அந்த இரண்டு மூன்று கிழமைக்கு மெல்லிய வலையால் குருத்தை மூடிவைத்தாலே ஓலை தப்பிவிடும்.

கல்லோயாவிலும் குமணையிலும் வலை கொண்டுபோகலாமா? — வாசகர், பொத்துவில்

கூடாது. தேசிய பூங்காவுக்குள் முட்டையோ புழுவோ கூட எடுக்க முடியாது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கமராவே போதும். வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் நீர் உறிஞ்சும் கூட்டங்களை எதிர்வெயிலில் நின்று, உங்கள் நிழல் விழாமல் குந்தியிருந்து எடுங்கள்.

தென்னோலை குழல்போலச் சுருண்டிருக்கிறது. பிரித்தால் உள்ளே வெள்ளை நூல் போர்த்த ஏதோ ஒன்று. பூஞ்சணமா? — வாசகர், வாழைச்சேனை

அது ஜயன்ட் ரெட்ஐ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. வெள்ளை நூல்கள் அது சுரக்கும் மெழுகு, விரலில் பட்டால் மாவாக உதிரும். பூச்சி கருங்கபிலம், பெரியது, கண் இரத்தச்சிவப்பு. பொழுதுபடும் நேரத்தில்தான் பறப்பதால் அந்து என்று நினைத்துவிடுவார்கள். வளர்ந்த தென்னைக்கு ஒன்றிரண்டு சுருளால் நட்டமில்லை. நாற்றுமேடையில் மட்டும் சுருளைக் கிள்ளி வேறு மரத்தில் விடுங்கள். கிள்ளுமுன் சுருளை விரலால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுங்கள். உள்ளே கடகடவென்று ஓலையில் அதிரும் சத்தம் கேட்டால் புழு கூட்டுப்புழுவாகிவிட்டது. இனி அது ஓலை தின்னாது, அப்படியே விட்டுவிடலாம்.